மூச்சு விட இடமில்லாத பாட்டு

இன்று நாடகக் கொட்டகையில் என் பாட்டுக்கு முதல் ஒத்திகை.

ராயக்கோட்டையில் தக்காளி மண்டி வைத்திருப்பவனுக்குப் பாட்டு எதற்கு என்று கேட்காதீர்கள். ஆர்மோனியக்காரரிடம் பாட்டுக் கட்டக் கற்றுக்கொள்கிறேன். அவர் மெட்டுக் கொடுத்தார். நான் மண்டியில் உட்கார்ந்து, விரலால் தட்டித் தட்டி வார்த்தை போட்டேன். வாய் திறந்து ஒரு தடவைகூடப் பாடிப் பார்க்கவில்லை.

கதாநாயகி ரத்னம்மா பாடினார்.

"போனவர் வரவில்லை, பொழுதும் நகரவில்லை, தூதும் கிடைக்கவில்லை, தூக்கமும் பிடிக்கவில்லை..."

மூன்றாவதிலேயே இருமல் வந்துவிட்டது.

"அய்யோ, மண்டிக்காரரே! மூச்சு எங்க உடறது? ஒண்ண எடுத்துடுங்க."

"எல்லாமே நல்ல சரக்கும்மா. எதை எடுக்கறது?"

"நல்ல சரக்குன்னு ஏத்திக்கிட்டே போனா வண்டி மேடு ஏறுமா? நீங்களே பாடுங்க, பாக்கலாம்!"

பாடினேன். எனக்கு இரண்டாவதிலேயே மூச்சு முட்டியது. கொட்டகையே சிரித்தது.

ஆர்மோனியக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "மெட்டை நீட்ட மாட்டேன். இப்பவே சரி பண்ணலைன்னா ராத்திரிக்குப் பழைய பாட்டுத்தான்."

மனசில்லாமல் தூதை வெட்டினேன். அந்த இடத்தில் ரத்னம்மா மூச்சை இழுத்தார். அழுகையை அடக்குவது போல இருந்தது. பாட்டு இன்றே மேடை ஏறுகிறது. ஆனால் எல்லோரும் புகழ்ந்தது அந்த இடத்தைத்தான், நான் எதுவும் எழுதாத இடத்தை!

மண்டிக்குத் திரும்பியும் இருப்புக் கொள்ளவில்லை. முன்பு இங்கே எழுதிப் போட்ட மற்றப் பாட்டுகளிலும் கைவைக்கத் தோன்றுகிறது. அவற்றைப் படித்த நண்பர்களே, எந்த வரி வேண்டாம் என்று சொல்லுங்கள். எல்லாமே வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.