அந்த இடத்தில் ஒரு ரப்பர் மேட்

போன வருடம் ஐப்பசி மாதம், நல்ல அடைமழை. ஸ்ரீரங்கத்தில் நாங்கள் நடத்தும் சின்ன ஹாலில் ஒரு வளைகாப்பு. கல்யாண மண்டபம் அளவுக்குப் பெரிதில்லை. வளைகாப்பு, காது குத்து, பெயர் வைக்கிற விழா என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். கணவருக்கு ஃபேக்டரி வேலை என்பதால் ஹாலைப் பார்த்துக்கொள்வது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

கை கழுவும் இடத்துக்குப் பளபளவென்று டைல்ஸ் போட்டதும் என் யோசனைதான். "தண்ணி பொழங்குற எடம்மா, சொரசொரப்பா போடுங்க" என்று கடைக்காரர் சொல்லத்தான் செய்தார். அது போட்டோவில் எடுப்பாக இருக்காது என்று நான் கேட்கவில்லை.

எங்களிடம் ஒரு லயபிலிட்டி பாலிசி இருந்தது. நான் ஆசைப்பட்டு எடுத்ததில்லை. ஒரு கம்பெனி தன் ஊழியர்களுக்கு வகுப்பு நடத்த ஹாலைக் கேட்டபோது, இந்த இன்சூரன்ஸ் இருந்தால்தான் வருவோம் என்று சொல்லிவிட்டார்கள். கணவரின் நண்பர் ஒருவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். "கட்டடத்துக்கு எடுக்கறது வேற அண்ணி. இது, உங்க எடத்துக்கு வர்றவங்களுக்கு உங்க கவனக்குறைவால அடிகிடி பட்டா, நீங்க குடுக்க வேண்டியத கம்பெனி குடுக்கறது" என்று விளக்கினார். நம் ஹாலில் யார் வந்து விழப் போகிறார்கள், தண்டச் செலவு என்று முணுமுணுத்துக்கொண்டே பணத்தைக் கட்டினேன்.

வளைகாப்பு அன்று முதல் பந்தி முடிந்து, கை கழுவப் போன ஒரு அம்மா வழுக்கி விழுந்தார். வளைகாப்புப் பெண்ணுக்குப் பெரியம்மா. ஜீயபுரத்தில் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் துணி தைத்துக் கொடுப்பவர். வலது கையை ஊன்றியதில் மணிக்கட்டு உடைந்துவிட்டது. முகம் வெளுத்துப்போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர், "பொண்ணுக்கிட்ட சொல்லாதீங்க. பயந்துக்கும்" என்றார். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். விழா நிற்காமல் போனதே என்றுதான் எனக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

உடனே ஏஜென்டுக்குப் போன் செய்தேன். பதறாதீங்க என்று சொல்லிவிட்டு, "தப்பு எங்களுதுதான், இவ்வளவு குடுத்துடறோம்னு மட்டும் யார்கிட்டயும் வாய விட்றாதீங்க. அத கம்பெனி பாத்துப் பேசிக்கும்" என்றார். அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஹாலைப் பெருக்கித் துடைக்கும் அம்மா சாயங்காலமே வந்து, "அக்கா, அந்த எடத்துல ஒரு ரப்பர் மேட் வாங்கிப் போட்ருவமா?" என்று கேட்டார். நான் எரிந்து விழுந்தேன். இப்போது போட்டால், மேட் இல்லாததுதான் தப்பு என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? பெரிய வக்கீல் மாதிரி இப்படிப் பேசி அவர் வாயை அடைத்தேன்.

நம் பக்கம் யாருக்காவது அடிபட்டால் பழம் வாங்கிக்கொண்டு போய் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவோம். பகையாளியாக இருந்தாலும் போவோம். நானும் ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கி வைத்தேன். வாங்கிய பிறகு யோசனை வந்தது. போய் நின்றால், தப்பை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுமோ? சாத்துக்குடியைப் பிழிந்து வீட்டிலேயே குடித்தோம். இனித்தது என்று வேறு சொல்லிக்கொண்டோம்.

விழுந்த அம்மா அன்று ராத்திரியே போன் செய்தார். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தார். பணம் கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்தார், டைல்ஸைப் போட்டோ எடுத்தார், கேள்வி கேட்டார், போனார். அப்போதாவது மேட் வாங்கிப் போட்டிருக்கலாம். எல்லாம் முடியட்டும் என்று விட்டுவிட்டேன். தை பிறந்த பிறகு ஏஜென்ட் வந்து, ஆஸ்பத்திரிச் செலவோடு அந்த அம்மா வேலை செய்ய முடியாமல் போன நாட்களுக்கும் சேர்த்துக் கம்பெனி கொடுக்கிறது என்றார். கைக்காசு போகாமல் தப்பித்தோமே என்று மனசு குளிர்ந்தது. கையெழுத்து வாங்க ஜீயபுரம் போகிறேன் என்று கிளம்பியவர், பேச்சுவாக்கில் அந்த அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன்.

"இன்னும் போயே பாக்கலையா?"

"நீங்கதானே தம்பி வாய விடக் கூடாதுன்னீங்க."

"பணத்தப் பத்தி வாய விடாதீங்கன்னேன். மனுஷியப் போய்ப் பாக்காதீங்கன்னா சொன்னேன்?" என்றவர், எழுந்துபோய்க் கை கழுவும் இடத்தை எட்டிப் பார்த்தார். வெறும் டைல்ஸ். திரும்பி வந்து, "கெளம்புங்க" என்று மட்டும் சொன்னார்.

வழியில் மறுபடியும் பழம் வாங்கினேன். வாழைத் தோட்டங்களைத் தாண்டி உள்ளே போனால் சின்ன வீடு. தையல் மெஷின் மேல் பழைய புடவையை மடித்துப் போர்த்தியிருந்தது. திட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன், திட்டியிருந்தால் தேவலை. "வாங்க வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கட்டுப் பிரித்தாகிவிட்டது. ஆனால் கத்தரிக்கோலை அழுத்தினால் இன்னும் வலிக்கிறது என்றார். பொங்கலுக்கு வந்த துணிகளையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டாராம். ஏஜென்ட் காட்டிய இடத்தில் மெதுவாக, நடுங்கி நடுங்கிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு என்னைப் பார்த்து, "ஏங்க, அந்த எடத்துல ஏதாச்சும் மேட் போட்டீங்களா?" என்று கேட்டார்.

நான் கொண்டுபோன பழப் பையைக் கீழே வைத்தேன்.

"மறுநாளும் ஒரு வளைகாப்புன்னு வாசல் போர்டுல போட்டிருந்துச்சு. வயித்துப் புள்ளக்காரி வந்து நிக்குற எடமாச்சேன்னு மனசே கேக்கல. அதச் சொல்லத்தாங்க ரெண்டு தடவ போன் பண்ணேன். நீங்க வேலையா இருந்திருப்பீங்க."

போட்டுவிட்டேன் என்று தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன். "அப்பச் சரிங்க" என்று அவர் முகம் தெளிந்தது. பக்கத்தில் இருந்த ஏஜென்ட் தலையைக் குனிந்துகொண்டார். அவர் விழுந்ததற்கு மறுநாள் வளைகாப்புக்கு வந்த பெண்ணை வாசலில் நின்று சிரித்து வரவேற்றவள் நான்தான். அவள் ஈர டைல்ஸில் கால் பதித்து நடந்துபோய்க் கை கழுவினாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவ்வளவுதான். அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

திரும்பும்போது வழியிலேயே ரப்பர் மேட் வாங்கினேன். அன்றைக்கே நானே குனிந்து விரித்தேன். பெருக்கித் துடைக்கும் அம்மா வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கோடையில் டைல்ஸையும் பெயர்த்துவிட்டுச் சொரசொரப்பானதாக மாற்றிவிட்டோம்.

பாலிசியை இந்த வருடம் முணுமுணுக்காமல் புதுப்பித்தேன். நான் கொடுக்க வேண்டிய பணத்தையெல்லாம் கம்பெனி கொடுத்துவிட்டது. அன்றைக்குத் தலையாட்டியது பொய் என்று ஜீயபுரத்துக்குப் போய் அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டியது மட்டும் நான்தான், இன்னும் போகவில்லை.