கல்லடி வாங்கிய பேஸ்

அன்று மாலை அம்பத்தூரில் ரயில் ஏறியதும், கைக்குழந்தைக்குக் காற்று வரட்டுமென்று ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அது சரிதானா என்று இன்னமும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

எதிரே ஓர் ஆங்கிலோ இந்தியர், ஆளுயர வயலின் போன்ற ஒன்றைக் கட்டிப்பிடித்து நின்றார். டபுள் பேஸாம். மவுண்ட் ரோடு ஓட்டலில் தினமும் அதில் ஜாஸ் வாசிப்பதுதான் அவர் பிழைப்பு.

"இன்னா நைனா, இதுக்கு டிக்கெட் எடுத்தியா?" என்றாள் பக்கத்திலிருந்த கீரைக்காரி.

"எடுக்காம? என் சம்சாரமாச்சே! இத்தினி வருசமா இதான் சோறு போடுது." பெட்டியே சிரித்தது.

சற்றுத் தூரத்தில் ரயில் நின்றுவிட்டது. வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களுக்கும் போலீசுக்கும் தண்டவாளத்தருகே அடிதடி. ஒருவர் மண்டை பிளந்து ஜல்லிமேல் விழுந்ததைப் பார்த்தேன். அடுத்து எங்கள் பெட்டிமேல் கற்கள் பாய்ந்தன. ஜன்னல் கதவை இழுத்தேன், அசையவில்லை.

"கொயந்தயத் தூக்கிகினு கீய குந்தும்மா!" என்று கத்திய அவர், பேஸை ஜன்னலில் சாத்தி முதுகால் முட்டுக்கொடுத்தார். ஒவ்வொரு கல்லுக்கும் அது தொம்மென்று அதிர்ந்தது. பலகை பிளந்தது. பேஸின் கழுத்து முறிந்தது. என் மகன் அழுகையை நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தான்.

ரயில் நகர்ந்ததும், "இனிமே உங்க பிழைப்பு?" என்றேன். வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"கொயந்தைக்கு அடி படலியே?" என்று என் மகனின் தலையைத் தடவிப் பார்த்தார். கீரைக்காரி கீரையைக் கீழே கொட்டிவிட்டு, உடைந்த பலகைகளைத் தன் கூடையில் பொறுக்கிப் போட்டாள்.

இப்போதெல்லாம் என் மகன் மரப்பெட்டியைத் தட்டித் தட்டி அந்தச் சத்தத்தைத் தேடுகிறான். கை வலிக்குமே என்று பதறினாலும், நான் தடுப்பதில்லை.