துரையின் கண்ணாடித் தட்டு

நான் யாரிடமும் அதிகம் பேசாதவள். ஆனால் இந்த ஒரு காரியத்துக்காக நான் வெட்கப்பட்டதும் இல்லை, மன்னிப்புக் கேட்கப் போவதும் இல்லை.

தேவிகுளம் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் தொழிற்சாலையில் நசுக்கிய கொழுந்தைத் தரையில் பரப்பிப் பதமாக்கும் அறையில் அம்மாவும் சித்தியும் வேலை செய்தார்கள். அந்த வருஷம் தூள் புளித்து நாறியது. பெண்களின் கையழுக்குதான் காரணம் என்றார் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும்.

அப்போது கண்ணுக்குத் தெரியாத கிருமிகளை ஆராயும் ஒருவர் போடி வழியாக மலையேறி வந்து தங்கியிருந்தார். உச்சிப் புல்லில் உறைந்த பனி, கொழுந்து காயும் அடுப்பின் வாய், ஓடை, தொழிற்சாலைத் தரை, எங்கள் பழைய சோற்றுப் பானை என எதையும் அவர் விடவில்லை. எல்லாவற்றையும் பஞ்சால் ஒற்றி எடுத்தார். துரை அவரையே கூப்பிட்டுப் பெண்களின் கைகளையும் பார்க்கச் சொன்னார்.

கஞ்சி உறைந்ததுபோல் எதையோ ஊற்றிய கண்ணாடித் தட்டுகளை அவர் மேசையில் வைத்தார். ஆளுக்கொரு தட்டு. கையைக் கழுவாமல் ஐந்து விரலையும் அதில் பதிக்க வேண்டும். விரலில் இருக்கும் கிருமி அதில் கண்ணுக்குத் தெரியும்படி வளருமாம்.

சித்தி எட்டிப் பார்த்தாள். "ஏக்கா, பாயசத்த ஆக்கிட்டு முந்திரியப் போட மறந்துட்டாரே!"

அம்மா சிரிக்கவில்லை. "ஐயா, தெனமும் காலையில தொரயுந்தான் அந்தக் கொழுந்த அள்ளி மோந்து பாக்காரு. அவரு கையையும் வைக்கச் சொல்லுங்க. இல்லேன்னா நாங்களும் வைக்க மாட்டோம்."

பெண்களை வேலை வாங்கும் கங்காணி பதறினார். "ஏ, வாய மூடு! யார்கிட்ட பேசுதன்னு தெரியுதா?"

"மூட மாட்டேன் கங்காணி. போறது என் வீடு."

ஆராய்ச்சிக்காரர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். துரை சிரித்துக்கொண்டே சம்மதித்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது சோப்பு வாசனை அடித்தது. எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்று, ஒரே ஒரு நுனிவிரலால் பட்டும் படாமலும் தட்டைத் தொட்டார். ஆராய்ச்சிக்காரர் குனிந்து பெயர் எழுதிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குச் சோறு கொண்டுவந்து மேசையோரம் உட்கார்ந்திருந்த சிறுமி நான் மட்டும்தான் அதைப் பார்த்தேன்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர்கள் வாசல் பக்கம் நகர்ந்ததும் அதே தட்டின் மூடியைத் தூக்கி, என் ஐந்து விரலையும் அழுத்தி வைத்து மூடினேன். கருவாட்டுக் குழம்பு பட்ட விரல்கள்.

நாலாம் நாள் தட்டுகளை எல்லோர் முன்னாலும் வைத்தார்கள். எல்லாவற்றிலும் கிருமி மஞ்சளும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. துரையின் தட்டில்தான் அதிகம். ஐந்து சின்னப் பொட்டுகள். ஆராய்ச்சிக்காரர் அவற்றை வெகுநேரம் பார்த்தார். பிறகு துரையின் பெரிய விரல்களைப் பார்த்தார்.

"மனுஷங்க கையெல்லாம் ஒண்ணுதான். புளிக்க வைக்கிறது வேற வகை, அது தரை வெடிப்புல மண்டிக் கிடக்கு. வெந்நீர் ஊத்தித் தேய்க்கச் சொல்லுங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொல்லிவிட்டு, அதையே துரைக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

துரையின் முகம் சிவந்தது. அந்த ஐந்து பொட்டையும் தன் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மாவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த ஐந்து பொட்டும் தன்னுடையவை அல்ல என்று துரை சொல்ல வேண்டுமானால், கழுவிய கையில் ஒரு விரல்தான் வைத்தேன் என்று முதலில் சொல்ல வேண்டும். அது எனக்கு அன்று புரியவில்லை. இவ்வளவு பெரிய துரைக்குத் தன் விரலையே அடையாளம் தெரியவில்லையே என்று அம்மாவின் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன்.