போ என்று சொன்ன நாள்

ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் மகள் ஒரு பாறை வாலபிக் குட்டியை வளர்த்தாள். கங்காருவுக்குத் தம்பி மாதிரி, பாறைகளில் வாழும் பிராணி. அந்த நாட்டிலேயே அருகிக்கொண்டு வரும் இனம். தாய் காரில் அடிபட்டுச் செத்துப்போக, அதன் வயிற்றுப் பைக்குள் உயிரோடு கிடந்ததை காட்டு விலங்குகளை மீட்கும் ஆட்கள், அவர்களிடம் பயிற்சி எடுத்திருந்த இவளிடம் ஒப்படைத்தார்கள். துணிப்பையில் போட்டுக் கதவுக் கைப்பிடியில் மாட்டி, வேலைக்கு நடுவே புட்டிப்பால் கொடுப்பாள். "கொழந்தைக்கு மாதிரி ஏணை கட்டிக்கினியா?" என்று கேலி செய்தேன்.

எனக்கு மதியச் சாப்பாட்டு வேளை, அவளுக்குச் சாயங்காலம். வீடியோ கால் வந்தால் என் பவர்லூம் தறியை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும், சத்தம் கேட்டால் குட்டி நடுங்கும். என்னையும் பேச விடமாட்டாள். ஒருநாள் குட்டி இருந்த அறையை விட்டு வெளியே வந்து காரணம் சொன்னாள். "மனுசங்க குரல் பழகிட்டா, காட்டுக்குப் போயும் யாரப் பாத்தாலும் கிட்ட வந்து நின்னுகினு இருக்கும்பா. நாய்க்குப் பயப்படாது, காருக்குப் பயப்படாது. பொழைக்காது."

"இன்னாமா பேஜாரு இது, கொஞ்சிப் பேசக்கூடவா கூடாது?" என்று எரிந்து விழுந்தேன். ஆனாலும் அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டேதான் பார்த்தேன். புட்டியைப் பிடித்துக்கொள்ளும் அந்தச் சின்னக் கைகள்! எனக்குப் பாசம் வந்துவிட்டது, மறைப்பானேன்.

அது வளர்ந்து புல் தின்னப் பழகியதும் மலையடிவாரத்தில் கொண்டுபோய் விட்டாள். ஃபோனை ஒரு கல்லில் சாய்த்து வைத்திருந்தாள். குட்டி பையிலிருந்து இறங்கி, நாலு தாவு தாவி, நின்றது. பிறகு திரும்பி அவள் காலடிக்கே வந்தது. அவள் தரையை உதைத்துப் பார்த்தாள். அசையவில்லை.

என்னை அறியாமல், "போயிட்டு வா கண்ணு" என்றேன்.

"வரச் சொல்லாதப்பா. அது வரவே கூடாது" என்றாள். "என்னால தொரத்த முடியல. நீ சொல்லுப்பா."

வாசலில் நிற்பவரிடம் வெறும் 'போ' என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அவளை விமானம் ஏற்றிய அன்றும் போயிட்டு வா என்றுதான் அனுப்பினோம். எனக்கோ தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை.

"போ!" என்று கத்தினேன்.

குட்டி துள்ளி விழுந்து பாறை மேல் ஏறியது. ஒருமுறைகூடத் திரும்பவில்லை. நன்றாக இருக்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தாள். "சரிப்பா, வெச்சிடறேன்."

"நீ மட்டும் திரும்பி வந்துடும்மா" என்றேன்.