உருவாரக் கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த டாக்டரம்மா

கண்புரை எடுத்தது நல்லபடியாக முடிந்தால் அம்மனுக்குக் கண்மலர் சாத்துவதாக நேர்ந்திருந்தேன். அதை வாங்க ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வெள்ளிக் கடைக்குப் போனேன். கை, கால், நாக்கு என்று உடம்பின் உறுப்பெல்லாம் தகட்டில் அடித்து ஒரு தட்டில் வைத்திருந்தார்கள். மூலையில் மார்பு அடித்த தகடு ஒன்று கிடந்தது. வந்த வேலையை மறந்து அதையே பார்த்து நின்றேன். கடைக்காரர், "ஏனுங்கம்மா, கண்ணு இந்தப் பக்கம் இருக்குதுங்க" என்றார். புரை எடுத்தும் கண் தெரியவில்லை என்று நினைத்திருப்பார்!

நான் கல்யாணமாகிச் சிங்காநல்லூருக்கு வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில். மூன்றாம் வகுப்போடு நின்றவள். சாமி கும்பிட அந்தப் படிப்பு போதும் என்று இருந்தவள். மாமியார் இல்லாத வீட்டில் மூத்த மருமகளான அக்காதான் எனக்கு எல்லாம். வருஷம் தவறாமல் அம்மன் நோன்பித் திருவிழாவில் பூவோடு எடுப்பார். நெருப்புக் கனலும் மண்சட்டியைக் கையில் ஏந்திக் கோயிலைச் சுற்றுவதைத்தான் அப்படிச் சொல்வோம். அவர் ஏந்தி வந்தால் சட்டியே குளிர்ந்துவிட்டதோ என்று இருக்கும்.

ஒருநாள் அவருக்கு வெந்நீர் ஊற்றித் தேய்த்துவிடும்போது, மார்போரம் கல் மாதிரி ஒரு கட்டி என் கையில் தட்டியது.

"ஆருகிட்டயும் சொல்லிப்போடாத அம்மணி. அம்மனுக்கு நேந்திருக்கறேன். கரைஞ்சு போயிரும்" என்றார்.

அந்த நோன்பிக்குப் போனோம். கோயில் வாசலில், நேர்த்திக்கடனுக்கு இப்படி உறுப்புத் தகடு விற்கும் உருவாரக் கடை. அதன் பக்கத்தில் முக்காலி போட்டு, வெள்ளைச் சேலையில் மெலிந்த ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். கழுத்தில் சின்னச் சிலுவை. புற்று என்ற பேரைச் சொல்லவே ஜனங்கள் பயந்த காலத்தில், அந்த நோயைத்தான் பார்ப்பேன் என்று பட்டணத்தில் படித்துவிட்டு வந்த டாக்டரம்மா அவர். டாக்டரிடம் சொல்லாததைப் பெண்கள் அம்மனிடம் சொல்லிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் யார் எந்தத் தகடு வாங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைக்காரர் கேலி பேசினார்: "ஏனுங்க டாக்டரம்மா, எங்க அம்மனுக்குப் போட்டியாவா கடை போட்டிருக்கீங்க?"

"போட்டியில்லீங்க. அவ அனுப்பறா, நான் பாக்கறேன்."

அக்கா மார்புத் தகட்டை வாங்கி முந்தானையில் மறைத்தார். டாக்டரம்மா எழுந்து வந்தார்.

"அது ஆருக்குங்க அம்மணி?"

"எங்க மாமியாளுக்குங்க" என்றார் அக்கா, எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்ட மாமியாரைத் துணைக்கு இழுத்து.

"மாமியாளுக்குக் கை மேல தூக்க முடியுதுங்களா? இல்ல, உங்களாட்டவே ஒதுக்கிப் புடிச்சுக்கறாங்களா?"

அக்கா முந்தானையை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டார்.

"அம்மனுக்குக் காட்டுனதை எனக்கும் காட்டுங்க" என்று எங்கள் கூண்டு வண்டிக்குள்ளேயே வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு நேராகச் சொன்னார்: "அறுத்து எடுக்கோணுமுங்க. இப்பச் செஞ்சா பொழைக்க வழியிருக்குது. தள்ளிப்போட்டா நான் இருந்தும் பிரயோசனமில்லை."

சாவுக்கு அக்கா பயப்படவில்லை. அவர் கேட்டது வேறு: "கொறைப்பட்ட ஒடம்போட பூவோடு எடுக்கலாமுங்களா?"

டாக்டரம்மா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, எங்களைப் பூசாரியிடமே கூட்டிக்கொண்டு போய் அதைக் கேட்டார். பூசாரி தலையைச் சொறிந்தார். "எனக்கெப்படித் தெரியுமுங்க? வேணும்னா பூப்போட்டுக் கேக்கலாம்." சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, அம்மன் முன்னால் வைத்து எடுப்பது எங்கள் வழக்கம். வெள்ளை வந்தால் உத்தரவு.

"செவப்பு வந்துபோட்டா?" என்றார் அக்கா.

"நாளைக்கு வந்து மறுக்காக் கேப்போம். நாளைக்கும் செவப்புன்னா நாளான்னிக்கு. வெள்ளை வாற வரைக்கும் நான் ஊட்டுக்குப் போகப்போறதில்லீங்க" என்றார் டாக்டரம்மா.

பூசாரி சிரித்துவிட்டார். "இந்தம்மாகூட மல்லுக்கட்ட அம்மனாலயே ஆகாதுங்க!"

அக்காவும் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பூவெல்லாம் வேண்டாமுங்க. வண்டிய ஆஸ்பத்திரிக்குத் திருப்பச் சொல்லு அம்மணி" என்றார்.

துணைக்கென்று போன நான் ஆஸ்பத்திரி மருந்து நெடியிலேயே மயங்கி விழுந்தேன். டாக்டரம்மா முதலில் வைத்தியம் பார்த்தது எனக்குத்தான்!

அடுத்த நோன்பிக்குப் பூசாரியே சட்டியை எடுத்து அக்கா கையில் கொடுத்தார். டாக்டரம்மா கூட்டத்தோடு கூட்டமாக வெறுங்காலில் நின்றார். அக்கா பேரன் பேத்தி எடுத்துத்தான் போனார்.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. பிழைக்காதவர்கள் வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு, மறுநாள் டாக்டரம்மா அதே முக்காலியில் வந்து உட்காருவார். புற்றைச் சுட்டெரிக்கும் ரேடியம் ஊசியை ஈயப் பெட்டியில் வைத்துப் பட்டணத்திலிருந்து ரயிலில் தானே கொண்டுவருவார் என்பார்கள். கை நடுங்கும் வயசு வரைக்கும் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

அவரும் போய் வெகுகாலமாகிறது. அந்த நாளில், தான் அறுவை செய்த பெண்களைப் பார்க்க ஊருக்குள் வரும்போது, குதிரை வண்டியை எல்லையிலேயே நிறுத்திவிடுவார். வண்டி ஒரு வாசலில் நின்றால் அந்த வீட்டில் இன்ன நோய் என்று ஊர் பேசும். அந்த வீட்டுப் பெண்ணை யாரும் கட்ட வரமாட்டார்கள். அதனால் வெயிலில் நடந்து வருவார். எந்த வீட்டுக்காக வந்தார் என்று தெரியக்கூடாதென்று, தெருவில் ஒவ்வொரு வாசலிலும் நின்று, "ஒருவாய் மோர் குடுங்க கண்ணு" என்பார். நாங்களும் தாகம் என்றே நினைத்துக் கொடுத்தோம்.

இப்போது அந்தத் தெருவில் வாசலுக்கு வாசல் கார் நிற்கிறது. தாகமில்லாமல் மோர் கேட்டு வருகிறவர்தான் யாருமில்லை.