ஒரு கை கூடுதல் தூள்

நீச்சல் தெரியாத ஒருவர் பதினொரு நீச்சல் குளங்களைப் பராமரிக்கிறார் என்றால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். அவரும் கூடவே சிரித்துவிடுவார். "குளத்தைக் கழுவுறவனுக்கு நீச்சல் எதுக்குங்க? விழுந்தாத்தானே!" என்பார். பதினேழு வருடமாக அவர் விழவில்லை. வேலை பார்த்த லேத் பட்டறையை மூடியபோது மச்சான் கைமாற்றிவிட்ட தொழில் இது. ஒரு பழைய வேன், நீளக் கம்பில் மாட்டிய பிரஷ், இலை அள்ளும் வலை, தண்ணீரைச் சோதிக்கும் சின்னப் பெட்டி. போகிற வீட்டிலெல்லாம் அவருக்குக் குளத்துக்காரர் என்றுதான் பேர். அவர் மனைவிக்கு மட்டும் அதில் ஒரு குறை உண்டு. "ஊரார் குளமெல்லாம் கண்ணாடியாட்டம் இருக்கு. நம்ம வீட்டு வாளிய வந்து தொட்டுப் பாருங்க, விரால் மீன் மாதிரி வழுக்குது."

வியாழக்கிழமை காலை டீச்சர் வீடு. பின்கட்டில் துணிக்கொடிக்கும் மதில்சுவருக்கும் நடுவில், பன்னிரண்டு தப்படி நீளத்தில் ஓர் உப்புநீர்க் குளம். கடல் அளவுக்கெல்லாம் உப்பு கிடையாது. கண்ணீரில் இருப்பதில் பாதிகூட இருக்காது. மோட்டார் கொட்டகையில் இருக்கும் ஒரு பெட்டி அந்த உப்பில் மின்சாரத்தைப் பாய்ச்சித் தானாகவே குளோரின் செய்துகொள்ளும். மற்ற வீடுகளில் குளத்துக்குள் இறங்க இரும்பு ஏணிதான். இங்கே மட்டும் அகலமாக ஐந்து படிகள், பக்கத்தில் ஒரு கைப்பிடி.

அந்த ஐந்து படிகளுக்காகவே டீச்சர் இந்த வீட்டை வாங்கியதாகச் சொல்வார்கள். முப்பத்தோரு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். இரண்டு முட்டியும் போய், இடுப்பும் பாதி போயிருந்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு வர இரண்டு ஊன்றுகோலும் ஒரு பாடு அழுகையும் வேண்டும். ஆனால் ஐந்தாவது படியைத் தாண்டி நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றுவிட்டால் அந்தக் கால்கள் வேறு யாருடையவோ ஆகிவிடும். கைவீசி நடப்பார். தினமும் நாற்பது நடை. கரையில் அவருடைய தம்பி உட்கார்ந்து எண்ணுவார். கல்யாணம் செய்துகொள்ளாமல் அக்காவோடே தங்கிவிட்ட தையல்காரர்; கண் மங்கியதும் மிஷினை மூடிவைத்துவிட்டவர். வேண்டுமென்றே தப்பாக எண்ணுவதுதான் இப்போது அவருடைய முழுநேர வேலை.

"முப்பத்திரெண்டு."

"டேய், முப்பத்திநாலுடா. கணக்கு டீச்சர்கிட்டயே கணக்கை மாத்துறியா?"

"நீ நடக்குற வேகத்துல எனக்குத் தூக்கம் வந்துடுதுக்கா. ரெண்டு நழுவிடுச்சு."

தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கைப்பிடி நீர் பறந்து வந்து தம்பியின் செய்தித்தாளை நனைக்கும். குளத்துக்காரர் வலையைப் பிடித்தபடி தலையைக் குனிந்து சிரிப்பார்.

கோடையின் முதல் வாரத்தில் ஒரு வியாழன் அவர் பின்கட்டுக்குள் நுழைந்தபோது டீச்சர் கரையில் நாற்காலியில் இருந்தார். குளம் இளம்பச்சையாக இருந்தது. யாரோ நீர்வண்ணப் பிரஷை அலசிவிட்டுப் போனதுபோல.

"என்ன குளத்துக்காரரே, கலர் மாத்தப் போறீங்கன்னு சொல்லவே இல்லையே," என்றார் தம்பி.

"ரெண்டு நாள் குடுங்க சார். நாளன்னைக்கு அடியில கிடக்குற காசு பூவா தலையான்னு மேல இருந்தே சொல்லலாம்."

அதைச் சொன்னபோது அவருக்கு நிஜமாகவே நம்பிக்கை இருந்தது. தண்ணீரை எடுத்துச் சோதித்தார். உப்பு சரி. அமிலத்தன்மை சரி. குளோரின் போதும் போதும் என்கிற அளவு. குப்பியில் நிறம் பளிச்சென்று ஏறியது. அப்புறம் ஏன் பாசி? குளோரின் பெட்டியைக் கழற்றி, அதன் தகடுகளில் படிந்திருந்த வெள்ளைச் சுண்ணாம்பை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினார். சுவர், தரை, படி எல்லாம் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கப் பச்சை புகையாய்க் கிளம்பியது. மோட்டாரை இரவும் பகலும் ஓடவிடச் சொன்னார். கிளம்புமுன் எப்போதும்போல் குளோரின் தூள் டப்பாவைத் திறந்து, அளவுக் கரண்டியில் ஒன்று போட்டார். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கையால் ஒரு பிடி அள்ளிக் கூடுதலாகத் தூவினார்.

இந்தக் கூடுதல் பிடி இரண்டு வருடப் பழக்கம். ஒரு தடவை மூன்றாவது படியில் லேசாகப் பாசியின் வழுவழுப்பு. டீச்சரின் கால் சறுக்கி, தம்பி பாய்ந்து பிடித்துவிட்டார். யாரும் குளத்துக்காரரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து மற்ற பத்து வீட்டுக்கும் கரண்டி. இந்த வீட்டுக்குக் கரண்டியும் ஒரு பிடியும். வெயிலில் குளோரின் பறந்துவிடாமல் பிடித்துவைக்கும் மருந்து கலந்த தூள் அது. உப்புக் குளத்துக்கு அது அவ்வளவாக வேண்டியதே இல்லை. ஆனாலும் போட்டுவிட்டுப் போனால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

சனிக்கிழமை வந்து பார்த்தார். காசு இருக்கட்டும், தரையே தெரியவில்லை. அடுத்த வியாழன் குளம் இலைச்சாறு நிறமாகிவிட்டது. படியை விரலால் தொட்டால் வழுக்கியது.

அன்று டாக்டர் வந்துவிட்டுப் போயிருந்தார். டீச்சரின் கணுக்காலில் ஒரு சர்க்கரைப் புண். இந்தத் தண்ணீரில் கால் வைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டாராம். சொன்னதோடு இன்னொன்றும் சொன்னாராம். அதைத் தம்பி மோட்டார் கொட்டகைக்கு வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

"மூணு வாரம் நடக்காம விட்டா முட்டி இறுகிடுமாம். அப்புறம் தண்ணியில விட்டாலும் நடக்காதாம்." குழாயில் கசிந்த சொட்டை விரலால் துடைத்தார். "ஒரு வாரம் போயிடுச்சு, குளத்துக்காரரே."

வீட்டுக்குள் நடைவழியில் ஒரு சக்கர நாற்காலி இருந்தது. நாலு வருடத்துக்கு முன் யாரோ வாங்கிக் கொடுத்தது. மடித்தபடியே, மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் சுவரோரம் சாய்ந்திருக்கும். டீச்சர் அதன் மேல் குடையை மாட்டிவைப்பார். தண்ணீர் குடிக்க உள்ளே போகும்போதெல்லாம் குளத்துக்காரர் அதைக் கடந்துதான் போவார். இன்றைக்கு அவர் தண்ணீர் கேட்கவில்லை.

அடுத்த ஐந்து நாள் அவர் மற்ற வீடுகளுக்கு ஒழுங்காகப் போகவில்லை. தலைகீழாக நின்று பார்த்தார். பாசி மருந்து ஊற்றினார். வடிகட்டியின் மணலைக் கிளறிக் கழுவினார். அடியில் படிந்ததைக் குழாய் வைத்து உறிஞ்சி வெளியே தள்ளினார். காலையில் கொஞ்சம் தெளிந்தது மாதிரி இருக்கும்; மத்தியான வெயில் ஏறினால் மறுபடி பச்சை. ஏணி இருந்தாலும் பரவாயில்லை என்று இன்னொரு வீட்டில், தினமும் ஒரு மணி நேரம் குளத்தைத் தருவீர்களா என்று வாய்விட்டுக் கேட்டும் பார்த்தார். "புண்ணுன்னு சொல்றீங்களே" என்று அந்த வீட்டம்மா இழுத்தார். ஏணியில் டீச்சரை எப்படி இறக்குவது என்று குளத்துக்காரருக்கே தெரியாததால் அவரும் வற்புறுத்தவில்லை.

"சாப்பிடும்போதாவது அந்தக் குளத்தை விட்டு வெளிய வாங்க," என்றார் மனைவி. "தட்டுல கை வச்சிட்டு எங்கயோ பார்த்துட்டு இருக்கீங்க."

"குளோரின் இருக்குடி. நிறைய இருக்கு. இருந்தும் ஒண்ணும் செய்ய மாட்டேங்குது."

"உங்க மச்சான் மாதிரியா?"

சாதாரண நாளாயிருந்தால் சிரித்திருப்பார்.

மறுநாள் மருந்துக் கடைக்காரரிடம் போனார். குளத்துச் சாமான்கள் மட்டும் விற்கிற கடை. கடைக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புள்ளி பார்த்தீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

குளத்துக்காரர் புள்ளி பார்த்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தச் சோதனைக்கான மருந்து தீர்ந்தபோது, உப்புக் குளத்துக்கு எதற்கு என்று புதிதாக வாங்கவில்லை. கடைக்காரர் குப்பித் தண்ணீரை வாங்கி ஒரு மருந்தைக் கலந்தார். அது பால்போலக் கலங்கியது. அடியில் கறுப்புப் புள்ளி வைத்த ஒரு நீளக் குழாயில் அதை மெல்ல ஊற்றினார். மேலிருந்து பார்க்கும்போது புள்ளி எந்த அளவில் மறைகிறதோ அதுதான் கணக்கு. குழாய் நிறைந்தும் புள்ளி தெரிந்தால், குளோரினைப் பிடித்துவைக்கும் மருந்து தண்ணீரில் கொஞ்சம்தான். கால்வாசியிலேயே புள்ளி போய்விட்டது.

"அடேயப்பா," என்றார் கடைக்காரர். "வெயிலுக்குப் போடுற மருந்து இது. எத்தனை மடங்கு ஏறியிருக்குன்னு சொல்ல இந்தக் குழாயே பத்தாது. இது தண்ணியோட ஆவியாகாது, அப்படியே சேர்ந்துக்கிட்டே போகும். அளவா இருந்தா குளோரினைக் காப்பாத்தும். மிஞ்சிட்டா குளோரினோட கையைக் கட்டிப்போட்டுடும். நீங்க பார்த்த குளோரின் எல்லாம் கை கட்டி நிக்குது. யாரு போட்டது இவ்வளவு?"

குளத்துக்காரரின் வலது கை தானாக மூடிக்கொண்டது.

"அதுக்கு மேல குளோரின் ஏத்தினா?"

"பாசி செத்துரும். அந்தம்மா இறங்கினா தோலும் உரிஞ்சிரும். ஒரே வழிதான் அண்ணே. முக்கால்வாசித் தண்ணிய இறைச்சிட்டுப் புதுசா நிரப்புங்க."

அந்த ஒரே வழிக்கும் பூட்டுப் போட்டிருந்தார்கள். ஊரில் ஏரி வறண்டதால், மழை வரும்வரை எந்தக் குளத்தையும் நிரப்பக்கூடாது, லாரித் தண்ணீரும் கூடாது என்று நகராட்சி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதுவரை அந்த நோட்டீஸை அவர் ஒரு சுவரொட்டியாகத்தான் பார்த்திருந்தார். இப்போது அலுவலகத்துக்குப் போய் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகர்ந்தார். கடைசி மேஜையில் இருந்த அம்மாள் நிஜமாகவே காது கொடுத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, "எங்க தெருவுல குடிக்கவே மூணு நாளுக்கு ஒருவாட்டிதான் வருதுங்க," என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பார். அது இல்லை. எழுந்து வெளியே வந்தார்.

வியாழக்கிழமை பின்கட்டில் நின்று சொல்லிவிட்டார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. டீச்சர் முன்னால் குற்றம் செய்த மாணவன் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கரண்டியையும் பிடியையும் மூன்றாவது படியையும் சொன்னார். தம்பி செய்தித்தாளை மடித்தார். இப்போது ஏதாவது கிண்டலாகச் சொல்வார் என்று குளத்துக்காரர் எதிர்பார்த்தார், கொஞ்சம் ஏங்கவும் செய்தார். அவர் செய்தித்தாளை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"வாரம் ஒரு பிடி," என்றார் டீச்சர். "ரெண்டு வருஷம். நூத்திநாலு பிடி."

"ஆமா டீச்சர்."

"கரண்டின்னு ஒண்ணை எதுக்குங்க டப்பாவுக்குள்ள போட்டு வச்சிருக்கான்?" குரல் வகுப்பறைக் குரலாக உயர்ந்தது. உயர்ந்த இடத்தில் நிற்க முடியாமல் இறங்கியது. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. வேண்டாம்னு சொல்லியிருப்பேனே."

"நீங்க விழுந்துடக் கூடாதுன்னு..."

"தெரியுது." குளத்தைப் பார்த்தார். "மழை எப்ப வருமாம்?"

"மூணு மாசம் ஆகும்கிறாங்க."

"என் முட்டிக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கு."

மோட்டார் மட்டும் எல்லாம் தெரிந்தவன்போல ஓடிக்கொண்டிருந்தது. குளத்துக்காரர் கொட்டகைக்குள் போய், இனி ஓடி என்ன ஆகப்போகிறது என்று அதை நிறுத்தினார். பின்கட்டு முழுக்கத் திடீரென்று ஒரு நிசப்தம் வந்தது. அது அதைவிட மோசமாக இருந்தது. மறுபடி ஓடவிட்டார்.

அடுத்த வியாழன் அவர் போகாமல் இருந்திருக்கலாம். செய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. "போய் என்ன பண்ணப்போறீங்க?" என்று மனைவிகூடக் கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டு வேனை எடுத்தார். நடைவழியில் சக்கர நாற்காலி இல்லை. குடை ஆணியில் தொங்கியது. பிளாஸ்டிக் உறை மட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது, மறுபடி தேவைப்படும் என்பதுபோல.

டீச்சர் அந்த நாற்காலியில் படிக்கட்டின் எதிரே இருந்தார். பிரேக் போட்டிருந்தது. குளம் கரும்பச்சையாகி, மேலே ஒரு தும்பி உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தது.

"பிரஷ் போடுங்க," என்றார்.

"போட்டாலும் போகாது டீச்சர்."

"தெரியும். படியை மட்டும் தேய்ங்க. ரொம்ப நாளாச்சு பார்த்து."

அவர் கம்பை இறக்கி முதல் படியைத் தேய்த்தார். பச்சை கிளம்பி விலகியது. அடியில் வெள்ளை ஓடு ஒரு கணம் தெரிந்தது. இரண்டாவது. மூன்றாவதில் வேண்டுமென்றே இரண்டு தடவை அழுத்தினார். தம்பி தன் வழக்கமான இடத்திலிருந்து, யாரும் கேட்காமலேயே படிகளை எண்ண ஆரம்பித்தார். ஐந்தாவது படிக்குக் கம்பை முழுக்க நீட்ட வேண்டியிருந்தது. அதுவும் மங்கலாக வெளுத்தது. அதற்குள் முதல் படியின் மேல் பச்சை திரும்ப இறங்கத் தொடங்கியிருந்தது.

"நாலு," என்றார் தம்பி, அக்காவைப் பார்த்துக்கொண்டே.

குளத்துக்காரர் பிரஷை அசைக்காமல் காத்திருந்தார். தம்பியும் காத்திருந்தார்.

டீச்சர் திருத்தவில்லை.