வண்டி வாங்க வந்தவர்

பழைய பைக்கைப் போட்டோ எடுத்து ஆன்லைனில் போட்டிருந்தேன். கடலூர் பக்கத்திலிருந்து ஒருவர் பேசினார். கிருமாம்பாக்கம் பஸ் ஸ்டாப்புக்கு வரச் சொல்லலாம் என்றிருந்தேன். அப்பா விடவில்லை.

"ரோட்டுல வெச்சு விக்க இன்னா திருட்டு வண்டியா? வூட்டுக்கு வரச் சொல்றா."

எங்கள் ஊரில் மாடு விற்றாலும் அப்படித்தான். வாங்குகிறவர் வாசலுக்கு வந்து ஒரு வாய் மோர் குடித்த பிறகே பேரம். அம்மா மோர் கொடுத்தாள். எனக்குப் பகல் ஷிப்ட், அப்பா கரும்பு வெட்டப் போய்விடுவார், தங்கச்சி காலேஜ் என்று பேச்சுவாக்கில் எல்லாவற்றையும் சொல்லியும் விட்டாள். அவர் வண்டியை நன்றாக ஓட்டிப் பார்த்துத்தான் எடுத்துப் போனார்.

அடுத்த வாரம் போன். "புகை தள்ளுது தம்பி. பாதிப் பணத்தத் திருப்பிக் குடு."

"வண்டியக் கொண்டாங்க சார், முழுசாவே தந்துடறேன்."

வண்டியும் வேண்டும், பாதிப் பணமும் வேண்டும் என்றார். நம்பரை பிளாக் செய்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் நான் இல்லாத நேரம் பார்த்து வீட்டுக்கு வந்தார். வாசலில் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீ வேலையப் பாரும்மா. புள்ள வரட்டும்." நான் வருவதற்குள் எழுந்து போய்விட்டார். பிறகு அதுவே வழக்கமாயிற்று.

"கதவச் சாத்திக்கம்மா" என்றேன் போனில்.

"பட்டப்பகல்ல சாத்துனா தெரு இன்னாடா நெனைக்கும்? வந்த மனுசன எப்பிடிப் போன்னு சொல்றது?"

ஸ்டேஷனுக்குப் போனேன்.

"அடிச்சானா?"

"இல்ல சார்."

"திட்டுனானா?"

"இல்ல சார்."

"சும்மா குந்திக்கினு இருந்தா இன்னா கேஸ்பா போடறது? பேசி முடிச்சுக்க."

எங்கள் வீட்டில் காலேஜ் முடித்தவன் நான் ஒருவன்தான். ஒருவர் சேரில் உட்கார்ந்திருப்பது எப்படிக் குற்றமாகும் என்று எனக்கும் எழுதத் தெரியவில்லை.

ஒருநாள் சாயங்காலம் தங்கச்சி பையைக்கூட இறக்கி வைக்காமல் சொன்னாள். "பஸ்ஸ வுட்டு எறங்குறேன், அந்தாளு நிக்கிறாருண்ணா. இன்னாம்மா, இன்னிக்கி லேட்டான்னு கேக்கறாரு."

பிளாக்கை எடுத்துவிட்டு, அவர் கேட்ட பாதிப் பணத்தை அப்போதே அனுப்பினேன். 'நல்ல குடும்பம்பா உங்களுது' என்று பதில் வந்தது. அம்மா கேட்டாள்.

"இனிமே வரமாட்டான் இல்ல?"

"வரமாட்டாம்மா."

கம்பெனியில் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மறுநாள் டீ நேரத்தில் ஓடிப்போய் எடுத்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

"யாரும் வரலடா" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இரு, வாசல்ல வண்டிச் சத்தம் கேக்குது" என்றாள்.